துரையின் எடை

அவளுடைய கை ஒன்று சொன்னது. காலண்டர் வேறொன்று சொன்னது.

உள்ளங்கையில் துரை கிடந்தான். வெள்ளை எலி. சிவந்த கண். மூச்சு விடும்போதெல்லாம் விலாவுக்குள் ஏதோ டிக், டிக் என்றது.

கல்லூரி ஆய்வகத்தில் எலிகளுக்குத் தீனி போட்டு எடை பார்ப்பதுதான் அவள் வேலை. பத்தொன்பது வருடம். தராசில் வைப்பதற்கு முன்பே கை எடையைச் சொல்லிவிடும். ஐந்து கிராம் முன்னே பின்னே இருக்கலாம். அதற்கு மேல் தப்பாது.

இருநூற்று நாற்பதுகூட இருக்காது என்றது கை.

காலண்டரில், நீலப் பென்சிலில், அவள் கணவரின் கையெழுத்து.

திங்கள் 258. புதன் 263. வெள்ளி 268. நேற்று 271.

நோயாளி தேறி வருகிறான். அப்படியானால் இடுப்பெலும்பு ஏன் விரலில் குத்துகிறது?

அவளுக்குப் பயம்தான் வந்திருக்க வேண்டும். முதலில் வந்தது என்னவோ ஆர்வம்தான்.

கால்நடை டாக்டர் போன வாரம் ஓர் எண்ணைச் சொல்லி அனுப்பியிருந்தார். இருநூற்றைம்பது. அதற்கு மேல் நின்றால் மருந்தைத் தொடரலாம். கீழே இறங்கினால் கொண்டு வந்துவிடுங்கள், ஓர் ஊசியோடு முடித்துவிடலாம், பாவம், இழுத்துக்கொண்டு கிடக்க வேண்டாம்.

அதை இருவரும்தான் கேட்டார்கள்.

சோதனையெல்லாம் முடிந்த எலியை, கல்லூரியில் கேட்டு வாங்கி, சாப்பாட்டுக் கூடையில் வைத்து அவள்தான் கொண்டுவந்தாள். கணவர் தையல்காரர். வீட்டு முன்னறைதான் கடை. கடைத்துணியைக் கடித்துப் போடும் என்று இரண்டு நாள் குதித்தார். மூன்றாம் நாள், நிறத்தைப் பார்த்து, துரை என்று பெயர் வைத்தார். நான்காம் நாள் கூண்டுக்குள் தொங்கவிட ஒரு தூளி தைத்தார்.

பள்ளிச் சீருடைக்கு விடுவதுபோல, ஓரத்தில் இரண்டு விரல் மடிப்பு விட்டு.

"வளர்ற புள்ளைக்கு மடிப்பு உடோணுமல்ல?"

இது வளர்ந்து முடிந்த எலி, இனி வளராது என்று சொல்லிப் பார்த்தாள். மடிப்பு மடிப்பாகவே இருந்தது. கத்தரி பிடித்த நாளிலிருந்து அவர் மடிப்பு விடாமல் எதையும் வெட்டியதில்லை.

மற்ற நாட்களில் அவள் ஏழு மணிக்கே கிளம்பிவிடுவாள். பத்து மணி மருந்தும் எடையும் அவர் பொறுப்பு.

இன்று ஞாயிறு. அவளுக்கு விடுமுறை. பக்கத்தில் நின்று பார்த்தாள்.

வெட்டு மேஜைமேல் சமையல் தராசை வைத்தார். பொத்தானை அழுத்தினார். பூஜ்யம்.

ஒரு ஃபிளானல் துண்டை விரித்தார். அதன்மேல் ஒரு வெல்வெட் துண்டு. அதற்கும் மேல், நான்காக மடித்த டர்க்கித் துண்டு. பிறகு துரையை இரண்டு கையாலும் ஏந்தி வைத்தார். துரை துண்டின் ஓரத்தை முகர்ந்தான். மீசை ஒருமுறை அசைந்தது.

அவர் நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கிக் குனிந்தார்.

274.

"பாத்தியா! நேத்தைக்கு மூணு கூட."

இப்படி அவர் சிரித்து எத்தனையோ நாளாயிற்று.

"ஏனுங்க, இத்தனை துணி எதுக்கு?"

"தட்டு ஜில்லுனு இருக்குது புள்ள. மழை புடிச்சதுலருந்து நடுங்கறான். ஒவ்வொண்ணா சேத்திக்கிட்டேன்."

"துணியும் கனக்குமல்ல?"

"துணி என்னத்தக் கனக்கும்!"

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். பொய் இல்லை. முப்பத்தைந்து வருடமாக அவர் துணியை மீட்டரில் வாங்கி, அங்குலத்தில் வெட்டிப் பழகியவர். துணிக்கு நீளம் உண்டு, அகலம் உண்டு. அவ்வளவுதான்.

பொய்யாக இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அவர் காலண்டரில் எழுதப் போனார். அவள் துரையை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். தராசில் துணி மட்டும் இருந்தது.

38.

இருநூற்று முப்பத்தாறு. கை தப்பவில்லை. பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக அந்தக் கைமேல் அவளுக்குக் கோபம் வந்தது.

தராசை அணைத்திருக்கலாம். அணைக்கவில்லை.

பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு அவர் திரும்பி வந்தார். எண்ணைப் பார்த்தார். துரை எங்கே என்று பார்த்தார். மறுபடி எண்ணைப் பார்த்தார்.

டர்க்கித் துண்டை எடுத்தார். 15.

வெல்வெட்டை எடுத்தார். 6.

ஃபிளானலை எடுத்தார்.

வெறும் தட்டை வெகுநேரம் பார்த்தார். பிறகு அந்தச் சின்ன ஃபிளானலை மட்டும் இன்னொரு தடவை வைத்துப் பார்த்தார். ஆறுதான்.

ஒரு விரலை நீட்டித் துரையின் தலையைத் தொட்டார். துரை அந்த விரலை நக்கினான்.

"டாக்டர் இன்னிக்கு இருப்பாரா?"

"ஒரு மணி வரைக்கும் இருப்பாருங்க."

அவர் அலமாரியிலிருந்து புது வெள்ளை ஃபிளானலை எடுத்து உதறினார். கழுத்திலிருந்த டேப்பை உருவினார். மூக்கு முனையிலிருந்து வால் நுனிவரை ஒருமுறை. வயிற்றைச் சுற்றி ஒருமுறை. டேப் கூசியதோ என்னவோ, துரை நெளிந்தான்.

சாக்கட்டியால் கோடு போட்டார். கோட்டைத் தாண்டி இரண்டு விரலை வைத்தார்.

வைத்த விரல்களைப் பார்த்தார்.

எடுத்துவிட்டார்.

கத்தரிச் சத்தம் வந்த பக்கம் துரை மூக்கைத் திருப்பினான். அவர் கோட்டின் மேலேயே வெட்டிக்கொண்டு போனார்.