காணாமல் போன எட்டு நிமிடம்

பல் டாக்டரைப் போலீஸ் ஸ்டேஷன் வரை இழுத்துவந்தது அவருடைய வாய்தான்.

ஒரு மாதமாக அந்த வாய் ஓயவில்லை. சைக்கிளோடு கூடவே வந்த சக்கரங்களைக் கழற்றிப் பரணில் எறிந்துவிட்டு, ஏரோ சக்கரம் என்று இரண்டு வாங்கி மாட்டியிருந்தார். தாம்பாளத்தை நிமிர்த்தி வைத்த மாதிரி அகலமாக, கன்னங்கரேலென்று இருக்கும். பல் பிடுங்க வந்தவர்கள் எல்லாம் வாயைப் பிளந்தபடி, பதில் சொல்ல வழியில்லாமல் அதன் பெருமையைக் கேட்டார்கள். காற்றைக் கிழிக்குமாம். பழைய சக்கரத்தைவிட எட்டு நிமிடம் மிச்சமாம். மெத்தையில் உட்கார்ந்து போகிற சுகமாம்.

பழைய சக்கரத்திலேயே ஓட்டும் மச்சினனைப் பார்த்தால், மாட்டுவண்டி எப்படி ஓடுகிறது என்று விசாரிப்பார். சமையலறைக் கூரை ஒழுகுகிறது என்ற மனைவியிடம், முதலில் சக்கரம், பிறகு கூரை என்று சாதித்துவிட்டார்.

ஞாயிறு காலை சைக்கிள் சங்கத்துப் போட்டி. அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு ஓட்டக் கூடாது என்பதால், ஆளுக்குப் பத்து நிமிட இடைவெளியில் தனித்தனியாகத்தான் அனுப்புவார்கள். கடைசியாகக் கிளம்பியவர் டாக்டர். பாதி வழியில் சங்கத் தலைவரான ரிட்டயர்டு நீதிபதியின் வீடு. அவர் எல்லைக்கோட்டில் கடிகாரமும் கையுமாக நின்றுவிட்டு வீடு திரும்பினால், கூடத்தில் இருந்த வெள்ளிக் கோப்பையைக் காணோம்.

இன்ஸ்பெக்டர் சங்கத்து நோட்டைப் புரட்டினார்.

"போன வாரம் பயிற்சியில அறுபத்திரண்டு நிமிஷம். உங்க கையெழுத்துதானே? நேத்து அதே ரோட்டுல எழுபது. நடுவுல நீதிபதி வீடு. அந்த எட்டு நிமிஷம் எங்க போச்சு, டாக்டர்?"

டாக்டர் நாற்காலியின் நுனியில் பட்டும் படாமலும் உட்கார்ந்திருந்தார். தப்பு செய்தவன் சாய்ந்து உட்கார மாட்டான் என்பது போல் இன்ஸ்பெக்டர் ஏட்டுக்குக் கண் காட்டினார்.

எதிர்க்காற்று என்றார் டாக்டர்.

"அதைக் கிழிக்கத்தானே அந்தச் சக்கரம்? என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கறப்ப நீங்கதானே சொன்னீங்க?"

பஞ்சர் என்றார். டியூபைக் கழற்றிப் பார்த்தாயிற்று, ஒட்டுப்போட்ட அடையாளமே இல்லை என்றார் ஏட்டு. சாலை சரியில்லை, குலுக்கி எடுத்துவிட்டது, உட்கார முடியாமல் நடுவில் இறங்கி என்று ஆரம்பித்தவர், மெத்தை சுகம் என்று தானே பெருமையடித்தது ஞாபகம் வந்து பாதியில் நிறுத்திக்கொண்டார்.

உள்ளதைச் சொல்லிவிட்டால் இங்கேயே பேசி முடித்துக்கொள்ளலாம் என்று இன்ஸ்பெக்டர் இதமாகச் சொன்னார்.

உள்ளதைச் சொல்ல டாக்டர் வாயைத் திறந்தார். வாசலருகே மனைவி நின்றிருந்தாள். அவள் பக்கத்தில் மச்சினன், கையைக் கட்டிக்கொண்டு. டாக்டர் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நான்தான் சார் எடுத்தேன்."

மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஏட்டு பேனா மூடியைக் கழற்றினார். கோப்பை எங்கே என்றதற்கு ஆற்றில் போட்டுவிட்டேன் என்றார். ஆற்றில் எங்கே என்றதற்கு, ஆழமான இடத்தில் என்றார்.

அந்த நேரம் பார்த்து டெலிபோன் அடித்தது. பேசிவிட்டு வைத்த இன்ஸ்பெக்டர், டாக்டரை ஏற இறங்கப் பார்த்தார். கோப்பையைப் பாலிஷ் போடத் தானே கடையில் கொடுத்ததை நீதிபதி மறந்துவிட்டாராம். கடைக்காரர் இப்போதுதான் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாராம்.

"கெளம்புங்க. எதுவும் திருடு போகல."

மனைவிக்கு உயிர் வந்தது. டாக்டர் பின்பக்கத்தைத் தடவிக்கொண்டே மெல்ல எழுந்தார். மச்சினன் மட்டும் வழியைவிட்டு நகரவில்லை.

"அப்ப அந்த எட்டு நிமிஷம் எங்க போச்சு, அத்தான்?"

மனைவியும் திரும்பிப் பார்த்தாள்.

டாக்டர் இன்ஸ்பெக்டரின் காதருகே குனிந்தார். "சார், திருடத்தான் போனேன், கோப்பை கெடைக்கலன்னு எழுதிக்க முடியுமா?"