ஓர் உறுப்பினர் குறைவு

தீ அபாய மணி அலறியது. ஒத்திகைதான் என்றாலும் குடியிருப்பே அரக்கப்பரக்கக் கீழே இறங்கியது. புதிதாகப் பொறுப்பேற்ற சங்கச் செயலாளர், வீட்டுக்கு ஓர் உறுப்பினர் என்று எண்ணிப் பார்த்தார். ஒருவர் குறைந்தார்.

"மேல்மாடிக்காரர். எந்த ஒத்திகைக்கும் இறங்க மாட்டார், விட்டுடுங்க" என்றார் பொருளாளர், தரையைப் பார்த்தபடி.

"ஏன், பல்லக்கு அனுப்பணுமாமா?"

முதல் ஒத்திகையிலேயே மானம் போவதா? செயலாளர் மூச்சிரைக்கப் படியேறினார்.

மேல்மாடியில் கதவு திறந்தே கிடந்தது. உள்ளறை வாசலில், கரி படிந்த சுவரோரம் பெரியவர் உட்கார்ந்திருந்தார்.

"சார், வீடு வாங்கினாலே சங்க உறுப்பினர். உறுப்பினர்னா ஒத்திகைக்கு வந்தாகணும். உங்களுக்கு மட்டும் தனிச் சட்டமா?"

"நான் இறங்கினா உங்க கணக்கு சரியாயிடும் தம்பி. அப்புறம் யாரும் மேலே ஏறி வர மாட்டீங்க."

"எல்லாரும் இறங்கின பிறகு யாரைப் பார்க்க ஏறி வரணும்?"

பெரியவர் உள்ளறையைத் திரும்பிப் பார்த்தார்.

"நிஜமா நெருப்புப் பிடிச்ச அன்னைக்கு, கடைக்குப் போயிருந்த நான் ஓடி வந்து கூட்டத்துல நின்னேன். 'எல்லாரும் வந்தாச்சு'ன்னு எண்ணிச் சொன்னாங்க, நானும் நம்பிட்டேன். வீடு என் பேர்லதானே தம்பி; உள்ளே தூங்கிட்டிருந்த என் மனைவி அந்தக் கணக்குலயே இல்ல."