கைச்சூடு

நுரை தரையெல்லாம் வழிந்துகொண்டிருந்தது.

வேலையிலிருந்து வந்தவள் பனி ஒட்டிய பூட்ஸோடு சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

கராஜில், குளிரில், அவள் பீர் காய்ச்சி ஊற்றி மூடி வைத்துவிட்டுப் போன வாளி. யார் இதை ஹீட்டர் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தது?

யார் வைப்பார்கள். வீட்டில் இருப்பதே இரண்டு பேர்.

மூடி சிங்க்கில் கிடந்தது. மேடைமேல் கிழித்த ஈஸ்ட் பாக்கெட். ரொட்டிக்குப் போடுகிற ஈஸ்ட். பக்கத்தில் பாதி காலியான வெல்லப் பொட்டலம்.



அவள் போட்டிருந்தது வேறு ஈஸ்ட். குளிரில்தான் அது நன்றாக வேலை செய்யும். சத்தம் போடாது, ஆர்ப்பாட்டமாகப் பொங்காது, அடியில் உட்கார்ந்து வாரக்கணக்கில் தன் வேலையைப் பார்க்கும்.

அடுத்த மாதம் ஹெலன் வந்து குடித்துப் பார்ப்பதாக இருந்தது. இந்த ஊரில் சொந்தமாக பீர் காய்ச்சி விற்கிறவள். பிடித்திருந்தால் வேலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். இந்த நாட்டுக்கு வந்த நாள் முதலாய் கிடங்கில் அட்டைப்பெட்டி அடுக்குகிறவளுக்கு அது சின்ன விஷயமா?

புருஷன் உள்ளே வந்தான். முழங்கைவரை பிசுபிசுப்பு. முகமெல்லாம் சிரிப்பு.

"ரெண்டு நாளா தண்ணி மாதிரி சும்மா கெடந்துச்சு. உன் கைக்கு எது பொங்கிருக்கு? நான் ஈஸ்ட்ட போட்டு, கொஞ்சம் வெல்லத்த தட்டிப் போட்டு, கையவிட்டு ஒரு கலக்கு கலக்குனேன். பாத்தியா, எப்படிப் பொங்குது!"

கை.

கல்யாணமான புதிதில் இட்லி மாவு புளிக்காதபோது மாமியார் ஆரம்பித்து வைத்தது அது. இவள் கையில் சூடு இல்லை, இவள் கரைத்தால் மாவு பொங்காது. கடல் தாண்டி, பனி கொட்டுகிற இந்த ஊருக்கு வந்த பிறகும், மாவு பொங்காத காலையிலெல்லாம் அவன் அதையே சொன்னான். பனியைக் குறை சொல்லவில்லை. அவள் கையைச் சொன்னான். கரு தங்காதபோதும் அதே பேச்சுதான், ஜாடையாக.

குளிர்தான் வேண்டும் என்கிற ஒன்றை அவள் தேடிக் கண்டுபிடித்திருந்தாள். அதற்குள்ளும் கையை விட்டுவிட்டான் பாவி.

அவன் ஒரு கரண்டி மொண்டு நீட்டினான்.

அவள் வாங்கவில்லை. வாளியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள். பின்கதவைத் திறந்தாள். பனியில் கவிழ்த்தாள்.

"பைத்தியமாடி உனக்கு? நல்லா வந்திருந்துச்சே!"

அவள் திரும்பிப் பார்த்தாள். கிட்டே வந்தவன் அங்கேயே நின்றுவிட்டான். இத்தனை வருடத்தில் அவள் அப்படிப் பார்த்ததே இல்லை.

ஃபோனை எடுத்து, அவன் எதிரிலேயே ஹெலனைக் கூப்பிட்டாள். வீட்டில் போட்டது வீணாகிவிட்டது, உங்கள் இடத்திலேயே வந்து முதலிலிருந்து செய்யட்டுமா என்று கேட்டாள்.

தாராளமாக வா என்றாள் ஹெலன். வேலை முடிய நேரமானால் மாடியில் ஓர் அறை சும்மாதான் கிடக்கிறது, அங்கேயே படுத்துக்கொள்ளலாம்.

கட்டில் இருக்கிறதா, வாடகை எவ்வளவு, எதையும் அவள் கேட்கவில்லை.

உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள்.