டி.வி.யை அணைத்தது யார்?

"பேய்தான் தம்பி, சந்தேகமே இல்ல. விவாதம் சூடு பிடிக்கும். நானும் ரெண்டு வார்த்தை திட்டலாம்னு வாயைத் திறப்பேன். பட்டுனு டி.வி. அணைஞ்சிடும்!"

ஓய்வுபெற்ற மேனேஜர் சொன்னது தெருமுனை வரை கேட்டிருக்கும். டி.வி.யையும் அதே சத்தத்தில்தான் வைப்பார்.

எலெக்ட்ரீஷியன் சுவரோரம் குந்தி உட்கார்ந்து, டி.வி.க்குப் பின்னால் பிளக்கில் இருந்த சின்ன சிக்னல் பெட்டியைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு மறுபடி சொருகினான். இதே வீட்டுக்கு ஏற்கெனவே இரண்டு முறை வந்து வெறுங்கையோடு திரும்பியவன். இன்றும் சரியாகாவிட்டால் வேறு வேலை பார்த்துக்கொள் என்று முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார்.

"முதல்ல என் வீட்டுக்காரி மேலதான் சந்தேகம்" என்றார் மேனேஜர். "டி.வி., விளக்கு எல்லாத்தையும் தூரத்துலேர்ந்தே போட்டு அணைக்கிற பட்டன் பெட்டி அடுப்படியிலதானே இருக்கு? நேத்து அவளைப் பக்கத்துலயே உட்கார வச்சுக்கிட்டுப் பார்த்தேன். ஒரு கையில வெங்காயம், ஒரு கையில கத்தி. அப்பவும் அணைஞ்சுது!"

"இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளை வேவு பார்க்கிறாரு, கேட்டுக்கோங்க தம்பி" என்று மனைவி தண்ணீர்ச் செம்போடு வந்து நின்றாள். முகத்தில் அத்தனை வருத்தம்.

"சார், பட்டனை அமுக்கினா சிக்னல் தனி ஒயர்ல போகாது. கரன்ட் ஒயர்லயே கரன்ட்டோட கரன்ட்டா ஓடும். நடுவுல ஏதாவது மட்டமான சார்ஜர் இருந்தா இரைச்சல் போட்டு அதைக் குழப்பிடும்."

சார்ஜரைப் பிடுங்கினான். மிக்ஸியைப் பிடுங்கினான். ஃபிரிட்ஜையும் விடவில்லை. எதிலும் குற்றமில்லை. டி.வி.யில் நாலு பேர் ஒருவர் மேல் ஒருவர் பாய்ந்து கத்திக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் தொண்டையைக் கனைத்தார்.

பட்!

"பார்த்தியா! பார்த்தியா!" என்று குதித்தார் அவர். மனைவி செம்பும் கையுமாக அங்கேயேதான் நின்றிருந்தாள்.

டி.வி. அடங்கியதும் சுவருக்கு அந்தப்பக்கத்திலிருந்து யாரோ கீபோர்டைப் போட்டுக் குதறுவது கேட்டது.

"அது யாரு சார்?"

"பக்கத்து வீட்டு வாத்தியார். ரிட்டயர் ஆனதும் சங்கீதம் கத்துக்கிறாராம். அவருக்கும் பாதியில நின்னுடுதுன்னு ஒரே புலம்பல். அந்த ஒரு விஷயத்துல பேய்க்குக் கோடி புண்ணியம்!"

"அவர் வீட்டுலயும் இதே பெட்டியா?"

"ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே வாங்கினோம்."

எலெக்ட்ரீஷியன் தலையில் அடித்துக்கொண்டான். பெட்டியைத் திருப்பிக் காட்டினான். அதன் முதுகில் ஒரு குட்டித் திருகு 'ஏ' என்ற எழுத்தில் நின்றது.

"கடையிலிருந்து வரும்போதே எல்லாப் பெட்டியும் 'ஏ'தான் சார். எழுத்து ஒண்ணா இருந்தா ஒரு பட்டனோட சிக்னலுக்கு எல்லாப் பெட்டியும் கட்டுப்படும். ரெண்டு வீட்டுக்கும் ஒரே கரன்ட் லைன். வாத்தியாரோட வீட்டம்மா அங்க ஏதாவது விளக்கைப் போடப் போய், சிக்னல் இங்க வந்து உங்க டி.வி.யை அணைச்சிடுது. இங்கேர்ந்து போறது அவர் கீபோர்டை அணைக்குது. பேயும் இல்ல, பிசாசும் இல்ல."

வீட்டிலிருந்த பெட்டிகளை எல்லாம் 'எம்'முக்குத் திருப்பினான். டி.வி. மறுபடி அலறியது. அரை மணி நேரம் காத்திருந்து பார்த்தார்கள், அணையவே இல்லை. மேனேஜர் மனைவி பக்கம் திரும்பினார்.

"அநியாயமா உன்மேல பழி போட்டுட்டேன். மனசுல வச்சுக்காதே."

"விடுங்க, உங்களுக்குத் தெரியாமத்தானே" என்று மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள்.

வேலை பிழைத்த சந்தோஷத்தில் எலெக்ட்ரீஷியன் வெளியே வந்து பையை வண்டியில் கட்டினான். அப்போது பின்பக்கச் சுவரோரம் அவள் கிசுகிசுப்பது கேட்டது.

"அக்கா, நம்ம குட்டு உடையல. இங்க எல்லாத்தையும் 'எம்'முக்கு மாத்திட்டாங்க, நீங்களும் சட்டுனு மாத்திடுங்க."

"இதோ மாத்திட்டேன்" என்றது அந்தப்பக்கத்துக் குரல். "வழக்கம்போல உங்க டி.வி.யை நான் பார்த்துக்கிறேன், நீ எங்க வீட்டுக் கீபோர்டைக் கவனி!"