டீசன்ட்டான ஆள் தேவை

“ஆளு டீசன்ட்டா இருக்கணும் பக்கிரி. வாடகை முன்னப்பின்ன இருந்தாக்கூடப் பரவாயில்ல” என்றார் ஹவுஸ் ஓனர் தங்கமணி, போனில்.

“டீசன்ட்டான ஆளுதான் சார். சாயங்காலம் கூட்டிட்டு வரேன்” என்றார் புரோக்கர் பக்கிரி.

தஞ்சாவூரில் வீடு விடுகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் கேட்பது இந்த ஒரு வார்த்தையைத்தான். ஒரு வீட்டில் மீன் குழம்பு வைக்காதவர் டீசன்ட். பக்கத்து வீட்டில், சுவரில் கிறுக்கும் பிள்ளைகள் இல்லாதவர் டீசன்ட். யாரும் வாய்விட்டு விளக்க மாட்டார்கள். புரோக்கர்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

சாயங்காலம் இளம்பரிதியும் அவன் மனைவி சுடர்விழியும் வந்தார்கள். அவனுக்கு வேளாண்மை ஆபீசில் வேலை. அவள் அரசு டாக்டர், ஏழு மாதக் கர்ப்பிணி. கும்பகோணத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போய்க் கால் வீங்கியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில், படியேற வேண்டாத வீடு இது. கிடைத்தால் போதும் என்று இருந்தது அவளுக்கு.

“சொந்த ஊரு கேட்டா திருப்பனந்தாள்னு மட்டும் சொல்லுங்கம்மா. அதுக்கு மேல வேணாம்” என்றார் பக்கிரி, கேட்டைத் திறந்துகொண்டே.

“கேட்டா சொல்லத்தான் செய்வேன்” என்றாள் சுடர்விழி. பக்கிரி பெருமூச்சு விட்டார்.

“டாக்டரா!” தங்கமணி எழுந்தே நின்றுவிட்டார். “உட்காருங்கம்மா. பக்கிரி, இதுதான்யா டீசன்ட்!”

காபி வந்தது. கூடவே தங்கமணியின் முழங்கால் வலியும் வந்தது. சுடர்விழி காலை மடக்கி நீட்டச் சொல்லிப் பொறுமையாகப் பார்த்தாள். ஒரு மாத்திரையின் பெயரும் சொன்னாள்.

“சொந்த ஊரு எதும்மா?”

“திருப்பனந்தாள் பக்கங்க.”

“அடடா, மடம் இருக்கிற ஊராச்சே! அங்க எந்தத் தெரு?”

சுடர்விழி டம்ளரைக் கீழே வைத்தாள். இந்த மாதத்தில் பார்த்த எல்லா வீட்டிலும் பேச்சு இந்த இடத்தில்தான் வந்து நின்றது.

“காலனித் தெருங்க.”

தங்கமணியின் சிரிப்பு கொஞ்சமும் மாறவில்லை. எழுந்து உள்ளே போனார். “பக்கிரி, இப்படிக் கொஞ்சம் வா.”

உள்ளே போனதும் குரலைத் தாழ்த்தினார். “என்னய்யா இது? நான் அதெல்லாம் பார்க்கிறவன் இல்ல, உனக்கே தெரியும். சொந்தக்காரங்க வந்து போற வீடு. நமக்குச் சரிப்பட்டு வராது. வேற ஆளுக்குப் பேசி முடிச்சாச்சுன்னு நீயே பக்குவமா சொல்லிடு.”

“சொல்லிடறேன் சார்.”

“மாடியில ரெண்டு போர்ஷனும் அடுத்த மாசம் காலியாவுது. உன்கிட்டதான் விடப்போறேன்.”

“சரிங்க சார்.”

“அப்புறம், அந்த மாத்திரை பேரு மறந்துபோச்சு. அதை மட்டும் கேட்டுட்டு வந்துடு.”

பக்கிரி தலையாட்டினார். இத்தனை வருஷத் தொழிலில் எத்தனையோ பேரைப் பக்குவமாகப் பேசி அனுப்பி வைத்த வாய் அது.

வெளியே வந்தார். தங்கமணியும் பின்னாலேயே வந்து கதவை ஒட்டி நின்றுகொண்டார். சுடர்விழி அதற்குள் வாசலில் செருப்பை மாட்டப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீங்கிய காலில் அது ஏறவில்லை. இளம்பரிதி குனிந்து மாட்டிவிட்டான்.

“என்னண்ணே, வீடு இல்லைங்கிறாரா?” என்றான், நிமிராமலேயே.

“வீடு இருக்கு தம்பி. வீடு நல்ல வீடுதான்” என்றார் பக்கிரி, கதவுப் பக்கம் கேட்கும்படி. “ஓனரைத்தான் உள்ள போய் விசாரிச்சேன். டீசன்ட்டான ஆளு இல்ல. உங்களுக்குச் சரிப்பட்டு வராது, வாங்க.”