இடது பக்கக் கரகரப்பு

கடைசி பீஸ் அது. அதுவும் வேறொரு பெண்ணின் தலையில் இருந்தது.

எஸ்.பி. ரோட்டு எலெக்ட்ரானிக்ஸ் கடை முழுக்க ஏறி இறங்கிவிட்டு, கடைசியாக இந்தச் சந்துக் கடைக்கு வந்திருந்தான் கவின். ஊர் ஈரோடு. பெங்களூரு ஈஜிபுராவில் அறை, கால் சென்டரில் வேலை. மிச்ச நேரமெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒரு பாட்டோடு இன்னொரு பாட்டைச் சேர்த்துக்கொண்டிருப்பான். நாளை சாயங்காலம் சர்ச் ஸ்ட்ரீட்டில் டிஜே போட்டி, இறுதிச் சுற்று. இரவல் வாங்கிய ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அங்கே போய் நிற்க அவனுக்கு மனசில்லை.

"சார், கப்பைத் திருப்பி ஒரு காதுல மட்டும் வெச்சுக் கேக்கற மாதிரி ஹெட்ஃபோன் வேணுங்க. வெளிச் சத்தம் உள்ள வரக்கூடாது."

"அந்தம்மா போட்டிருக்கு பாருங்க, அதுதான். ஒண்ணே ஒண்ணு இருக்கு. இனி அடுத்த மாசம்தான் வரும்" என்றார் கடைக்காரர் மஞ்சுநாத். உள்ளே போன் அடித்தது. எழுந்து போனார்.

அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டு மேஜையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தாள். ஒரு காதில் ஹெட்ஃபோன், மறு காது கடை ஸ்பீக்கர் பக்கம். இரண்டு பாட்டையும் ஒரே நேரத்தில் கேட்கிறாள். தொழில் தெரிந்தவள்தான்.

கண்ணைத் திறந்தவள் அவனைப் பார்த்ததும் மலர்ந்து சிரித்தாள்.

"அண்ணா, நீங்க கொஞ்சம் கேட்டுச் சொல்றீங்களா? எம் பேரு சங்கமித்ரா, ஸ்ரீராம்புரம். நாளைக்கு சர்ச் ஸ்ட்ரீட்ல போட்டி இருக்கு. என் பழசு டேப் சுத்தி டேப் சுத்தி ஓடுது."

இவளும் அதே போட்டிதானா?

வாங்கி மாட்டினான். முதல் அடியிலேயே பேஸ் நெஞ்சுக்குள் இறங்கியது. அதன் மேல் மற்ற ஒலிகளெல்லாம் தனித்தனியாக, கண்ணாடி மாதிரி கேட்டன. தினம் தினம் கேட்கிற பாட்டில் இவ்வளவு இருக்கிறதா என்று உடம்பெல்லாம் சிலிர்த்தது. இதை விட்டுவிடக் கூடாது.

கழற்றினான். முகத்தைச் சுளித்தான்.

"வேணாங்க. லெஃப்ட்ல கரகரங்குது."

"எனக்கு ஒண்ணும் தெரியலியே?"

"கடையில தெரியாதுங்க. கொஞ்ச நேரம் ஓடணும். எங்க ரூம்ல ஒருத்தன் இதையேதான் வாங்கினான். பாதிப் பாட்டுல ஒரு பக்கம் அப்படியே நின்னுபோச்சு. அத்தனை பேர் முன்னாடி அவன் மானமே போச்சு."

சங்கமித்ரா அதை மெதுவாக மேஜையில் வைத்தாள்.

"நல்ல வேளை சொன்னீங்கண்ணா. இல்லேன்னா நாளைக்கு நான் தொலைஞ்சேன்."

மஞ்சுநாத் திரும்பி வந்தார். "பேடவா அம்மா?" என்று கன்னடத்தில் கேட்டார்.

"வேணாம் சார்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

அவள் தலை மறைகிற வரைக்கும் கவின் வேறு எதையோ பார்க்கிற மாதிரி நின்றான். அப்புறம் பர்ஸை எடுத்தான்.

பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தபோது கால் தரையில் பாவவில்லை. நாளைக்கு எந்தப் பாட்டில் ஆரம்பிப்பது, எந்த இடத்தில் அடுத்ததை உள்ளே விடுவது என்று மனசுக்குள் அப்போதே ஓட ஆரம்பித்துவிட்டது.

"அண்ணா, நில்லுங்க."

எதிரே கரும்புச் சாறு கடை. குடித்துக்கொண்டிருந்த டம்ளரை அப்படியே வைத்துவிட்டு ஓடி வந்தாள் சங்கமித்ரா. அவள் கண் பெட்டி மேல் இருந்தது.

"அடப்பாவமே, அந்தாளு இதை உங்க தலையிலயே கட்டிட்டாரா?"

"இல்லீங்க, அது வந்து..."

"நீங்க பேசாம வாங்க. நான் கேக்கறேன்."

சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே கடைக்குள் ஏறினாள்.

"ஏன் சார், ஒரு பக்கம் கரகரங்கிற பீஸை இந்த அண்ணனுக்கு வித்திருக்கீங்களே, இது நியாயமா?"

"கரகரங்குதுன்னு யாரும்மா சொன்னது?"

"இவரேதான் சொன்னாரு. குறை சொன்ன மனுஷனையே பேசி மயக்கி அவர்கிட்டயே வித்துட்டீங்க."

மஞ்சுநாத் பெட்டியைப் பிரித்தார். மாட்டி, சத்தத்தைக் கூட்டினார். இடது பக்கம் கேட்டார், வலது பக்கம் கேட்டார். பிறகு கவினை நிமிர்ந்து பார்த்தார். கவின் தரையைப் பார்த்தான்.

"நல்லாத்தானே இருக்கு? எங்கேருந்தோ கெளம்பி வந்து என் கடையில கூச்சல் போடறியா?"

"எங்கேருந்து வந்தா என்ன சார்? அவர் காசைக் குடுங்க."

வாசலில் நாலு பேர் கூடிவிட்டார்கள். கவின் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவன் ஓரமாக நகர்ந்து நின்றான்.

மஞ்சுநாத் பணத்தை மேஜையில் விட்டெறிந்தார்.

"எடுத்துக்கிட்டுப் போங்க. ரெண்டு பேரும் இனிமே இந்தப் பக்கம் வராதீங்க."

தெருவுக்கு வந்ததும் சங்கமித்ரா பணத்தை அவன் கையில் திணித்தாள். அவளுக்கு மூச்சு வாங்கியது, ஆனாலும் ஜெயித்துவிட்ட சந்தோஷம் முகமெல்லாம்.

"கவலைப்படாதீங்கண்ணா. நாளைக்கு என் பழசையே ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் போட்டுக்கலாம். பார்க்கத்தான் அசிங்கம், ரெண்டு பக்கமும் நல்லா கேக்கும்."

கவினுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நானும் போட்டிக்கு வர்றேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"முதல் சுத்துலயே உங்களைப் பார்த்தேனே, கூட்டத்துல நீங்கதான் என்னைக் கவனிக்கலை. நாளைக்கு உங்களுக்கு எதிரா நிக்கப்போறவ நான்னு தெரிஞ்சும் எனக்கு நல்லதைச் சொன்னீங்க. அப்படிப்பட்ட மனுஷனை ஒருத்தன் ஏமாத்தறான்னா, பார்த்துட்டு எப்படிண்ணா சும்மா போறது?"