நிறையாத பை

புற்றுநோய்க் கதிர் இயந்திரத்தின் பொத்தானை அழுத்தப்போன விரலை எஸ்தர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். கதிர் பாய்ச்சுவதற்கு முன் தினமும் எடுக்கும் ஸ்கேன் திரையில் இருந்தது. உள்ளே மேசையில் படுத்திருந்த பவுனம்மாளின் சிறுநீர்ப்பை இன்றும் காற்றுப்போன பலூனாகச் சுருங்கிக் கிடந்தது. அது நிறைந்திருந்தால்தான் கருப்பை வாய்க் கட்டி குறித்த இடத்தில் நிற்கும், குடலும் கதிருக்குத் தப்பும்.

கதிர் அறையின் கனத்த கதவு முழுதாகத் திறப்பதற்குள் எஸ்தர் கத்திவிட்டாள். "தண்ணி குடிச்சிட்டு பாத்ரூம் போகாதீங்கன்னு எத்தனை தடவைக்கா சொல்றது?"

"போகல சிஸ்டர்."

"அப்ப மெஷின் பொய் சொல்லுதா?"

"நான்தான் பொய் சொல்றேனா?" பவுனம்மாள் மேசையில் எழுந்து உட்கார்ந்தாள். "பாட்டிலக் கொண்டா. உன் கண்ணு முன்னாடியே குடிக்கிறேன்."

ஒரு லிட்டரையும் கடகடவென்று குடித்துவிட்டு, வாசல் நாற்காலியில் எஸ்தரை முறைத்தபடி உட்கார்ந்துகொண்டாள். எஸ்தர் மற்ற நோயாளிகளைக் கவனித்தபடியே அவள்மேல் ஒரு கண் வைத்திருந்தாள். ஒரு மணி நேரம் போயிற்று. பவுனம்மாள் அசையவே இல்லை.

மறுபடி ஸ்கேன். மறுபடி அதே சுருங்கிய பை.

எஸ்தர் உள்ளே ஓடினாள். பவுனம்மாள் பாவாடைக்குள்ளிருந்து மடித்த துணி ஒன்றை உருவி மேசையில் ஓங்கி அடித்தாள். சொதசொதவென்று நனைந்திருந்தது.

"பாத்துக்க. ரொம்ப நாளா மூத்திரம் தானா ஒழுகுது. பக்கத்துக் கட்டில்காரி தனக்கும் இப்படின்னு உங்ககிட்ட சொன்னா. மறுநாளே வைத்தியத்த நிறுத்தி அவள வீட்டுக்கு அனுப்பிட்டீங்க. நான் சொல்லுவேனா?"